முன்கதை பார்க்க உட்கார்ந்தோம்

டிவியில் புதிதாக வந்த ஒரு தொடரைப் பற்றி எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. என் கணவருக்கு அது தூக்க மாத்திரை. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளிலிருந்து இரும்பு ஏற்றிக்கொண்டு ஆந்திரா பக்கம் லாரி ஓட்டுகிறவர் அவர். முதல் எபிசோடைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எளாவூர் செக்போஸ்ட்டு லைனே இத்தவிட வேகமா நவுரும்" என்றார். அடுத்த நிமிடம் சோபாவிலேயே குறட்டை. மாடியில் குடியிருக்கும் கொழுந்தனார் புத்திசாலி. "டபுள் ஸ்பீட்ல வச்சிப் பாத்தேன் அண்ணி. அப்பவும் ஒண்ணியும் நடக்கல" என்று வந்து சொன்னார்.

கம்பெனி வேனிலும் இதே பேச்சுதான். நான் பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்கிறேன். "முடிவு தெரிஞ்ச கதைக்கு ஆரம்பம் இன்னாத்துக்குக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். தனக்கு அழுகையே வந்துவிட்டது என்று இன்னொருத்தி சொன்னாள். அவளை எல்லோரும் சேர்ந்து ஓட்டினார்கள்.

கருத்தே சொல்லாத ஆள் எங்கள் வீட்டில் ஒருத்தி இருந்தாள். என் கணவரின் மகள். ஒன்பதாவது படிக்கிறாள். அவள் அம்மா உடம்பு முடியாமல் இறந்த பிறகு, இரண்டாம் தாரமாக நான் மீஞ்சூருக்கு வந்தேன். என்னிடம் அவள் சண்டை போட்டதில்லை, எதிர்த்துப் பேசியதில்லை. டிபன் பாக்ஸ் எங்கே என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள். சண்டை போட்டாலாவது சமாளித்திருப்பேன், எனக்கும் வாய் உண்டு. மரியாதையாக ஒதுக்கி வைப்பவளை என்ன செய்வது? எனக்கு அந்த வீட்டில் இடம் உண்டா இல்லையா என்பதை அவர் சொல்லிப் பயனில்லை, அவள்தான் சொல்ல வேண்டும். வந்த வாரமே இது எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தத் தொடரின் பழைய பாகத்தை அவளும் அவள் அம்மாவும் சேர்ந்து பார்த்தார்களாம். கொழுந்தனார் சொல்லித்தான் தெரியும். நான் பார்த்ததில்லை. இரண்டு சூரியன் உள்ள ஒரு கிரகம், அங்கே குடியேறிய மனிதர்கள், அவர்களுக்குள் பெரிய சண்டை. அதுதான் பழைய கதை. இப்போது வந்திருப்பது அதற்கு முந்தைய கதை. அந்த மண்ணில் முதன்முதலில் இறங்கியவர்களைப் பற்றியது. பழைய பாகத்தில் கிழவியாக வரும் தலைவி இதில் இளம்பெண். துப்பாக்கிச் சத்தம்கூடக் கிடையாது. தமிழில் பேசவைத்திருந்தார்கள், அதுவும் மேடைத் தமிழ்.

முதல் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு சாயங்காலம், அவள் சோபாவின் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறு ஓரத்தில் நான் கீரை ஆய உட்கார்ந்தேன். டிவியில் சிவப்பு மண், நாலு கல், தூரத்தில் குந்தியிருக்கும் அந்தப் பெண். படம் அசையவே இல்லை. பாதிக் கட்டு கீரை ஆய்ந்து முடித்தும் அப்படியே இருந்தது. நெட் நின்றுவிட்டது என்று எழுந்துபோய் மோடத்தை அணைத்துப் போட்டேன்.

"நெட்டு நிக்கல. அவங்க அப்பிடித்தான் எடுத்துருக்காங்க" என்றாள் அவள். திரும்பவும் படம் வந்ததும் கையைக் காட்டினாள். "நல்லா பாருங்க, நெழல் நவுருது."

அவ்வளவு நீளமாக அவள் என்னிடம் பேசியதே இல்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, இன்னொன்று மேலேயே நின்றது. ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு நிழல். அதில் ஒன்று நீண்டு நீண்டு வெளுத்து மண்ணோடு கலந்துபோனது, மற்றது இருந்த இடத்திலேயே இருந்தது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. அந்தப் பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், நாங்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவள். மழை வருமா, காற்று திரும்புமா என்று வேலைக்காக ஆகாயத்தைப் பார்த்திருக்கிறேன். சும்மா பார்த்ததில்லை. இது இவ்வளவு பெரியதா என்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குக் குழம்பு வைக்க நேரமாகிவிட்டது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் புது எபிசோட் வந்தால் நானும் போய் உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள் வேன் ரிப்பேராகி ரொம்ப லேட். இந்நேரம் பார்த்து முடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வந்தால், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏன், பாக்கலியா?"

"சார்ஜ் போட்டுக்கினு இருந்தேன்."

டிவிக்கு எதற்குச் சார்ஜ் என்று நான் கேட்கவில்லை. கேட்பேனா?

அந்தத் தைரியத்தில் அடுத்த வாரம் வாயைக் கொடுத்தேன். "பழைய பாகத்துல கடைசீல இவ பொழச்சிக்கிறாளா?"

"தெரியாது."

முழுசாகப் பார்த்தவளுக்குத் தெரியாதாம். என்ன நெஞ்சழுத்தம் என்று பொருமிக்கொண்டே உள்ளே போய், குக்கரைக் கொஞ்சம் சத்தமாகவே இறக்கி வைத்தேன்.

கடைசி எபிசோடில் அந்தப் பெண் முதல் வீட்டுக்குக் கதவு மாட்டினாள். உளியால் செதுக்கி, கீல் அடித்து, திறந்து மூடிப் பார்த்து, முழுக்க அந்த வேலைதான். கதவு மூடியதும் தொடர் முடிந்துவிட்டது. முடிவை மட்டும் பார்க்க வந்திருந்த கொழுந்தனார் எழுந்து, "அவ்ளோதானா? செம பேஜாரு அண்ணி" என்று மாடிக்குப் போனார். எனக்கோ அந்த வீட்டை நானே கட்டி முடித்த மாதிரி நெஞ்சு நிறைந்திருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. ரிமோட்டை அழுத்திப் பழைய பாகத்துக்குப் போனாள். பார்த்த எபிசோடுகளுக்கெல்லாம் கீழே சிவப்புக் கோடு ஓடியிருந்தது. கடைசி ஒன்றுக்கு மட்டும் கோடே இல்லை.

"அம்மாவும் நானும் இது வரைக்குந்தான் பாத்தோம்" என்றாள். "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து மீதிய பாக்கலாம்னாங்க."

அவள் தெரியாது என்றது நிஜம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அந்த முடிவைப் பேசாமலா இருந்திருப்பார்கள்? காதைப் பொத்திக்கொண்டு, அதைத் தொடாமல், அம்மா விட்ட இடத்திலேயே வைத்திருந்திருக்கிறாள். இத்தனையையும் மனதில் சுமந்துகொண்டு தினமும் தலை பின்னி, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போய் வந்திருக்கிறாள். அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அது அவள் அம்மாவுக்கென்று வைத்தது, நான் உட்காரக் கூடாது. "நீ பாரும்மா, நான் உள்ள போறேன்" என்று எழுந்தேன்.

"நீங்க இதுல ஒண்ணுகூட பாக்கல இல்ல? கடைசி மட்டும் பாத்தா புரியாது" என்றாள். கடைசி எபிசோடிலிருந்து மேலே மேலே ஏற்றிக்கொண்டே போய், முதலாவதில் நிறுத்தினாள். "உக்காருங்க. மொதல்லேர்ந்து போடறேன்."

"வாரத்துக்கு ஒண்ணுன்னு பாத்தா அது முடியறதுக்கு ரொம்ப மாசம் ஆவுமேம்மா."

"ஆவட்டும்" என்றாள்.