உட்காரத் தெரியாத ஹத்சுயே

என் நாத்தனார் ஹத்சுயே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முப்பது வருடம் தபால் கொடுத்து நடந்த கால், ஓய்வு பெற்ற பிறகும் அடங்கவில்லை. பனி கொட்டினால், புகை வீட்டுக்குள் திரும்பாதபடி, தெருவில் எல்லார் வீட்டு ஹீட்டர் புகைக்குழாயைச் சுற்றியும் மண்வாரியால் பனியை அள்ளிவிட்டு வருவார். "உங்க அக்காவுக்கு வேற வேலையே இல்லையா?" என்று என் கணவர் தொகுஜியைக் குடைவேன்.

அந்த ஜனவரிப் பனிப்புயலில் காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. ஹீட்டர் நிறைய மண்ணெண்ணெய் இருந்தது. ஆனால் அதன் விசிறி ஓடக் கரண்ட் வேண்டுமே. மத்தியானத்துக்குள் வீட்டுக்குள்ளேயே பற்கள் கிட்டின. தொகுஜி, வெளியே வைத்து மீன் சுடும் கரியடுப்பைக் கூடத்துக்குத் தூக்கி வந்தார். ஜன்னல்களுக்கெல்லாம் நவம்பரிலேயே பிளாஸ்டிக் ஒட்டியிருந்தோம். காற்று நுழைய ஊசிமுனை ஓட்டை இல்லை என்று பீற்றிக்கொண்டவளும் நான்தான்.

இரண்டு மணிக்கு யாரோ கதவை இடித்தார்கள்.

"கினு! கதவைத் திற!"

"வந்துட்டாங்க உங்க அக்கா," என்றேன். தொகுஜி பதில் சொல்லவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். எனக்கும் தலை வெடித்தது, முழங்கால் மடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தேன்.

ஹத்சுயே பூட்ஸோடு கூடத்துக்குள் நுழைந்தார்.

"அக்கா, பூட்ஸு..."

"பூட்ஸாம் பூட்ஸு! மூடின வீட்டுக்குள்ள கரியைப் போட்டு உக்காந்திருக்கியே, அறிவிருக்காடி?"

பிளாஸ்டிக்கைக் கிழித்து ஜன்னலைத் திறந்தார். தம்பியின் அக்குளில் கைகொடுத்து வாசலுக்கு இழுத்துப்போய்க் கன்னத்தில் அறைந்தார்.

"கண்ணைத் திறடா, தடியா!"

நான்காவது அறை விழுந்ததும், "அடிக்காதக்கா," என்று தொகுஜி முனகினார். நான் உடைந்து அழுதேன்.

குளிர்காலத்தில் வீட்டை விட்டுக் கிளம்பினால், உறைந்து வெடிக்காமலிருக்கக் குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் போவோம். எங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அங்கேயே கிடந்த ஹத்சுயே தன் வீட்டுக் குழாயை மறந்துவிட்டார். அது வெடித்துத் தரையெல்லாம் ஐஸ். வீடு சரியாகும்வரை எங்களோடு தங்கினார். நாளெல்லாம் நடை. ஹீட்டரைப் பார்ப்பார், ஜன்னலைத் திறப்பார், புகைக்குழாயைப் பார்க்க வெளியே போவார்.

"கொஞ்சம் உக்காரேன்க்கா, தலை சுத்துது," என்றார் தொகுஜி.

"நீங்க சும்மா இருங்க. அவங்க நடக்கட்டும்," என்றேன்.

ஒரு மத்தியானம் காலடிச் சத்தம் நின்றுபோனது. களைந்துகொண்டிருந்த அரிசியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஹத்சுயே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, இப்படி வெளுத்துப் போயிருக்க?"

அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.