நான்கு தசமமும் ஆறு மீன்களும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் ஆலைக்கு நான் கெமிஸ்ட். கழிவுநீரைச் சுத்தம் செய்து வெளியே விடுமுன், அதில் இன்னும் எவ்வளவு அழுக்கு மிச்சம் என்று சோதித்துக் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. போன வருஷம் ஒரு மாதம் முழுக்கத் தப்பாகச் சொன்னேன். அழகாகச் சொன்னேன் என்பது மட்டும் நிஜம்.

நோட்டுக் கணக்கை எக்செலுக்கு மாற்றி, கலர் கலராக வரைபடம் வரவழைத்த பெருமையில் இருந்தேன். விடை 842.3716 என்று வரும். எங்கள் பியூரெட்டில், அதாவது அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில், ஒரு தசமத்தைப் படிக்கவே கண்ணைச் சுருக்க வேண்டும். மற்ற மூன்றும் எக்செல் தூவிய அட்சதை.

திங்கட்கிழமை மீட்டிங்கில் திரையில் அழுக்கைக் காட்டும் சிவப்புக் கோடு ஜிவ்வென்று ஏறியது. அந்த மாதம்தான் பக்கத்து ஊரான ஆரணியிலிருந்து வரும் ஓர் அக்கா சுத்திகரிப்புப் பிரிவில் ஆபரேட்டராகச் சேர்ந்திருந்தார். ஒப்பந்த வேலை. "ஆள் மாறினதும் ஏறிடுச்சு சார்" என்றேன். மாதக் கடைசியோடு அவரை நிறுத்திவிடச் சொன்னார் மேலாளர்.

விசாரிக்கக் கூப்பிட்டு வாசலிலேயே நிற்கவைத்திருந்த அக்கா சொன்னார்: "சுத்தம் பண்ணி வுடற தண்ணித் தொட்டியில ஆறு மீனு வுட்டுக்கீறோம் சார். ஆறும் ஓடிக்கினு கீது. நீங்க சொல்ற தண்ணின்னா செத்து மெதந்திருக்காதா?"

"மீனெல்லாம் ஆதாரம் இல்லக்கா. டேட்டாதான் ஆதாரம்" என்றேன். சொன்ன வாயை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தொட்டிக்குப் போய் எண்ணினேன். ஆறு. திரும்பி வந்து நோட்டையும் எக்செலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தண்ணீரைப் பத்து மடங்கு நீர்க்கவைத்துச் சோதிப்பதால், விடையைப் பத்தால் பெருக்க வேண்டும். பழைய பழக்கத்தில் நோட்டில் எழுதும்போதே பெருக்கிவிட்டிருக்கிறேன். நானே போட்ட சூத்திரம் எக்செலில் இன்னொரு தரம் பெருக்கியிருக்கிறது. கோடு ஏற ஆரம்பித்தது அக்கா சேர்ந்த நாளிலும் இல்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால், நான் எக்செலுக்கு மாறிய அன்று. அத்தனை பேருக்கும் காட்டிய என் வரைபடத்தை நான்தான் பார்க்கவில்லை.

மேலாளரிடம் ஓடினேன். அக்காவை நிறுத்த வேண்டாம் என்றவர், "யானைக்கும் அடி சறுக்கும், விடுப்பா" என்றார். யானை ஒரு தரம் சறுக்கும். நான் மாதம் முழுக்கச் சறுக்கியிருந்தேன்.

தொட்டியருகே போய் அக்காவிடம், "தப்பு என்னுதுதான்க்கா, மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் நிமிரவில்லை.

"அத்தினி பேரு பாக்க ஸ்க்ரீன்ல போட்டு சொன்னீங்க. இத இன்னா சார், மீனுக்கு மட்டும் கேக்கற மாதிரி சொல்றீங்க?"

அடுத்த திங்கட்கிழமை அதே திரையில் அதே கோட்டைப் போட்டேன். மேலே பெரிய எழுத்தில், 'இது ஏறியது என் கணக்குப் பிழையால்.' சரியான விடையையும் படித்தேன்: 84. தசமமே போடவில்லை. அக்கா இந்த முறை உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.