முகம் வெளுக்க வைப்பவள்

வங்காள சினிமாவும் சீரியலும் எடுக்கும் டாலிகஞ்ச் ஸ்டுடியோக்களில் நோயாளி, பேய், ஏமாந்த காதலி, எது வந்தாலும் கவிதாவைத்தான் தேடுவார்கள். முகத்தை வெளிற வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அது அவளுக்கும் நன்றாகவே தெரியும்.

"வெளுப்புன்னா பவுடரைக் கொட்டுறதா?" என்று மற்ற மேக்கப்காரர்களைக் கிண்டல் செய்வாள். பயந்தவனுக்கு உதடுதான் முதலில் சாயம் போகும். காய்ச்சல்காரனுக்குக் கன்னம் சிவந்து, அதைச் சுற்றி வெளுக்கும். வெயிலே படாத பணக்காரப் பெண்ணின் வெளுப்பு வேறு. அதில் கொஞ்சம் திமிரும் சேர்க்க வேண்டும். ரத்தமில்லாதவளுக்கு உதடு, கீழ் இமையின் உட்புறம் எல்லாமே துவைத்துத் துவைத்து நைந்த துணி மாதிரி ஆகிவிடும்.

இத்தனையும் தெரிந்தவள் வீட்டில்தான் அந்தக் கூத்து நடந்தது.

சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் அம்மா நாகம்மா, சில மாதங்களாகவே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினாள். பாதிச் சமையலில் உட்கார்ந்துவிடுவாள். கேட்டால், "எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன்" என்பாள். பார்க்கவும் அப்படித்தான் இருந்தாள். தினமும் மஞ்சள் உரசிப் பூசிக் குளித்த முகம். வெற்றிலையில் சிவந்த வாய். கவிதாவும் நம்பினாள்.

ஒருநாள் நாகம்மா எலுமிச்சை சாதம் எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். அங்கே சீரியலுக்கு ஆஸ்பத்திரிக் காட்சி. கதாநாயகிக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வேண்டிய அம்மாள் வரவில்லை. உதவி இயக்குநர் நரேன் ஓடி வந்து, நாகம்மாவைப் பெரியம்மா என்றும் கவிதாவை அக்கா என்றும் அழைத்து வங்காளத்தில் கெஞ்சினான்: "மாஷிமா, சும்மா படுத்தா போதும். கபிதாதி, சீக்கிரம் ரெடி பண்ணுங்க!"

நாகம்மாவுக்கு ஒரே குஷி. வாயைக் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள். "எம்பொண்ணு கையால மேக்கப்பு. போடுடி!"

கவிதா கிரீம் தடவிப் பஞ்சால் துடைத்தாள். பஞ்சு மஞ்சளானது. இன்னொன்று, இன்னொன்று. உதட்டையும் துடைத்தாள். துடைத்து முடித்தபின் அந்த முகத்தில் அவள் பூச வேண்டியது எதுவும் மிச்சமில்லை. அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். சிவப்பே இல்லை.

"என்னம்மா இது?"

நாகம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "மாசாமாசம் ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. சொன்னா ஆபரேஷன்னு இழுத்துட்டுப் போயிடுவே."

கவிதாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரமெல்லாம் தன்மேல்தான். ஊரார் முகத்தையெல்லாம் படித்தவள், பெற்றவள் முகத்தில் மஞ்சளைப் பார்த்து ஏமாந்திருக்கிறாள்.

"நரேன், அம்மா நடிக்க வரமாட்டாங்க. நிஜ ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"அப்போ ஷாட்?"

"காத்திருக்கட்டும்" என்று அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

ரத்தம் ஏற்றினார்கள். பிறகு கர்ப்பப்பைக் கட்டியை எடுத்தார்கள். துர்கா பூஜைக்குள் நாகம்மா படிகளில் மூச்சு வாங்காமல் ஏறினாள். ஏறியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கட்டில் இன்னும் காலியா இருக்கா?"

சீரியல் கதாநாயகி அத்தனை சுலபத்தில் குணமாவாளா? கட்டில் காலியாகத்தான் இருந்தது.

நாகம்மா மறுபடியும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள். கவிதா பூசினாள், ரோஸ் நிறம் எட்டிப் பார்த்தது. மேலும் பூசினாள், அப்போதும் எட்டிப் பார்த்தது. நரேன் வாசலில் நின்று கத்தினான்: "கபிதாதி, இன்னுமா முடியல?"

"இரு நரேன்" என்றாள் கவிதா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எங்கம்மா முகம் வெளுக்கவே மாட்டேங்குது."