பட்டாபி சாப்பிட வேண்டும்

நாற்காலியின் மேல் வீட்டுத் துண்டை விரித்து உட்கார்ந்த பிறகுதான் சுப்புலக்ஷ்மி மாமி உணவுப் பட்டியலைத் தொடுவார். அதுவும் புடவைத் தலைப்பால். கொட்டிவாக்கத்தில் நாய்களை வரவேற்கும் அந்த உணவகத்தில், நாய்களுக்கான பட்டியல் மனிதர்களுடையதைவிட நீளம். நாயில்லாமல் வந்து உட்காருபவர்களைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். எனக்குப் பழகிவிட்டது.

மாமியின் காலடியில் பட்டாபி. சுத்தமான தெருநாய். மாமியின் கணவர், தனக்குப் பதவி உயர்வு தராத வங்கி மேலாளரின் பெயரை அதற்கு வைத்து, தினமும் "உக்காருடா" என்று அதட்டி ஓய்வுக்காலத்தை நிம்மதியாகக் கழித்தவர். போன ஐப்பசியில் போய்விட்டார். அன்றிலிருந்து பட்டாபி சரியாகச் சாப்பிடவில்லை. விலா எலும்புகள் தெரிகின்றன. இறைச்சி உள்ளே போகாவிட்டால் பிழைக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

மாமிக்கு இது இரண்டாவது அதிர்ச்சி. பட்டாபி ஏகாதசிக்குப் பட்டினி கிடக்கும் நாய் என்று மயிலாப்பூர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். கணவரோடு தினமும் திருவல்லிக்கேணி கோயிலுக்குப் போய்வருமே! அழைத்துப் போன ஆட்டோக்காரர் பஞ்சாட்சரம்தான் மீதியைச் சொன்னார். "மொதல்ல கோயிலு, அப்பால பிரியாணிக் கடை மாமி. நாய்க்குத்தான் வாங்குவாரு." நாய்க்கு மட்டும்தானா என்று மாமி கேட்கவில்லை. பஞ்சாட்சரமும் சொல்லவில்லை.

தன் வீட்டில் சமைத்துக் கொண்டுவருவதாக அவர் சொன்னதையும் மாமி ஏற்கவில்லை. "ஆத்துக்குள்ள அந்த வஸ்து வரப்படாது." ஆகவே நாய் வெளியேதான் சாப்பிட வேண்டும். முதலில் அடையாற்றில் ஓர் இடத்துக்குப் போனார்கள். அடுத்த மேசையில் மாமியின் தெருக்காரர் ஒருவர் கோழிக்காலோடு இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை என்று அங்கேயே முடிவாயிற்று. அதன் பிறகுதான் கொட்டிவாக்கம்.

இங்கே மனிதர்கள் வெளி உணவு கொண்டுவரக் கூடாது. நாய்களுக்கு விலக்கு உண்டு. அதனால் மாமி தன் தயிர் சாத டப்பாவைப் பட்டாபியின் பேரில் உள்ளே கொண்டுவந்து, தானே சாப்பிடுவார். இதையெல்லாம் பக்கத்து மேசைக்காரனான எனக்குக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். நான்கு மேசைகளுக்குக் கேட்டது.

நேற்றும் வந்திருந்தார். எதிரே ஒரு லாப்ரடார் பிறந்தநாள் தொப்பியோடு, பிறந்தது பற்றி எந்த மகிழ்ச்சியும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. பரிமாறும் கயல், "பட்டாபி மம்மிக்கு என்ன வேணும்?" என்றாள்.

"மம்மியும் இல்லை, கிம்மியும் இல்லை. அவர் வளர்த்த நாய். நான் கூட வந்திருக்கேன், அவ்ளோதான்."

உப்பில்லாத கோழிச்சோறு ஆவி பறக்க வந்தது. மாமி வழக்கம்போல் மூக்கைத் தலைப்பால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார். பட்டாபியும் வழக்கம்போல் ஒரு முறை முகர்ந்துவிட்டுத் தலையைத் தரையில் போட்டுக்கொண்டது. கயல் சின்னத் தட்டில் மாற்றிப் பார்த்தாள். கரண்டியால் நீட்டிப் பார்த்தாள். எங்கும் இதே கதைதான் என்றும், அடுத்த வாரம் வேறு இடம் தேட வேண்டும் என்றும் மாமி சுவரிடம் சொன்னார்.

வாசலில் காத்திருந்த பஞ்சாட்சரம் உள்ளே வந்தார். "எடத்த மாத்தி இன்னா மாமி ஆவப்போவுது? சாரு கையால ஊட்டுவாரு. தட்டுல வெச்சா அது எங்க தொடும்?"

"இத்தனை நாளா ஏன்டாப்பா சொல்லலை?"

"சொன்னா மட்டும்?"

மாமி அவரையே ஊட்டச் சொன்னார். பஞ்சாட்சரம் குந்தி உட்கார்ந்து ஒரு கோழித்துண்டை நீட்டினார். பட்டாபி அவர் விரல்களை மரியாதைக்கு ஒரு முறை நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அது வூட்டு மனுஷங்க கையத் தேடுது மாமி" என்றார் அவர், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே.

மாமி எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். எல்லோரும் இறைச்சியைத் தொட்ட பிறகு கழுவும் கையை அவர் தொடுவதற்கு முன்பே கழுவியிருந்தார். துண்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, வெறுந்தரையில் உட்கார்ந்தார். தட்டிலிருந்து ஒரு கோழித்துண்டை எடுத்தார். எலும்பு இருக்கிறதா என்று இரண்டு விரல்களால் நசுக்கிப் பார்த்தார். அது இன்னும் சுட்டது. உதட்டருகே கொண்டுபோய், மெல்ல ஊதினார்.