மண்ணு மண்ணுதான்

"…கையில என்னடி இருக்கு? மண்ணு சரியில்ல. மண்ணு சரியில்லாட்டி அந்த அம்மனே எறங்கி வந்து வெதச்சாலும் மொளைக்காது" என்று பெரியம்மா சொன்னாள்.

அவள் வீட்டு வாசலில் இருபத்தொரு முளைப்பாரிச் சட்டிகள் வரிசையாக இருந்தன. இருபது சட்டிகளில் பயிர் ஒரு சாண் தாண்டி வெளிர்மஞ்சளாக நிமிர்ந்து நின்றது. ஒன்று மட்டும் மொட்டை. கூடியிருந்த பெண்கள் அந்த மொட்டைச் சட்டியையும் பெரியம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பத்து வயதுப் பிள்ளையாகக் கூட்டத்துக்குள் நின்றிருந்த எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. எட்டு நாளைக்கு முன்னால் இதே வாய் வேறு மாதிரியல்லவா பேசியது?

இப்போது நான் திருநகரில் நாற்று வளர்த்து விற்கிறேன். யாரிடமும் படித்த தொழில் இல்லை, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "விதை போட எந்த மண்ணுங்க நல்லது?" என்பதுதான். "பிடிச்சா பிடிபடணும், தொட்டா உதிரணும், அம்புட்டுத்தான்" என்பேன். ஒரு கை ஈர மண்ணை அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் பொலபொலவென்று கொட்ட வேண்டும். அது என் அத்தையின் சொல். அதை ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் பெரியம்மா வீட்டு வாசல் கண்முன் வந்து நிற்கும், கோபமும் கூடவே வந்து நிற்கும். இத்தனை வருடம் ஆகியும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அடிக்கிறவனோடு இருக்க முடியாது என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் எண் கூப்பிடுகிற வேலை. "பன்னெண்டு… பன்னெண்டு யாருங்க?" என்று தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். ஊருக்கு மட்டும் வரமாட்டாள். பேரையூர்ப் பக்கம் எங்கள் சொந்த ஊர். அங்கே அவள் பெயர் 'வாழாம வந்தவ'. அடித்தவனுக்கு ஊரில் ஒரு பெயரும் இல்லை, கவனியுங்கள்.

முழுப் பரீட்சை லீவில் அம்மன் கோயில் பொங்கல் வந்தது. அப்பா பெரியப்பாவுக்குப் போன் போட்டு, "அவளும் இந்த வீட்டுல பொறந்தவதானண்ணே. இந்த வருசம் அவளும் ஒரு சட்டி எடுக்கட்டும்" என்றார். அத்தை என் அம்மாவிடம், "எனக்கு எதுக்கு மதினி? மொளைக்கலைன்னா ஊரு சிரிக்கும்" என்றாள். சிரிப்போடு போகாது என்று அவளுக்கும் தெரியும். முளைப்பாரி செழித்தால் அந்தப் பெண்ணின் குடும்பம் செழிக்கும், கருகினால் அவள் தொட்டதெல்லாம் கருகும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. முளைத்துவிட்டால் அத்தை இந்த வீட்டுப் பெண். இல்லாவிட்டால் ஊர்ப்பக்கம் தலைகாட்டவே முடியாது. அப்பா பிடிவாதமாக அத்தையையும் என்னையும் பஸ் ஏற்றிவிட்டார்.

சட்டிகளையெல்லாம் வைத்து வளர்க்கிற இருட்டறை பெரியம்மா வீட்டில்தான். விரதம் இருந்து தண்ணீர் தெளிக்கிறவளும் அவள்தான். அந்த வருடம் அவளுக்குக் கூடுதல் மும்முரம். அவள் மகள், என் அக்காவுக்கு, அடுத்த மாதம் பூ வைப்பதாக இருந்தது. அதற்காக வீட்டை இழுத்துக் கட்ட வாசலில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆள் உயரம் தோண்டின அடிமண் கட்டி கட்டியாகக் குவிந்து கிடந்தது.

விதை போடுகிற நாளன்று பெரியம்மா எல்லோருக்கும் மண் அளந்தாள். கண்மாயில் எடுத்த கரம்பை வண்டலைக் காயவைத்துச் சலித்து, ஆட்டுப்புழுக்கையை இடித்துச் சேர்த்து, வைக்கோல் தூளும் கலந்த மண். தொட்டால் மாவு மாதிரி இருக்கும். இருபது பேருக்கு அள்ளிப் போட்டவள், அத்தை சட்டியை நீட்டியதும் கையை உதறினாள்.

"கரம்பை தீந்துபோச்சு. வாசல்ல கெடக்குல்ல, அதுல அள்ளிக்க."

"அது வானத்து மண்ணுல்ல மதினி? எறுகிப் போகுமே" என்றாள் அத்தை.

"மண்ணு மண்ணுதான். மொளைக்கிறது கை ராசியில இருக்கு."

பக்கத்தில் இருந்த ஒருத்தி, "புருசன் வீட்டுல பிடிக்காத வேரு சட்டியில பிடிச்சிருமாக்கும்" என்று முந்தானைக்குள் சிரித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பெரியம்மா, கட்டிலுக்கு அடியில அர மூட்டைக் கரம்பை கெடக்கு! நான் பாத்தேன்" என்றேன்.

"அது அம்மனுக்கு எடுத்து வச்சது. டவுனு புள்ளைக்கு வாயப் பாரு!"

அம்மனுக்கு எடுத்து வைத்த மண் மறுநாள் காலையில் அக்கா சட்டிக்கு மேல்மண்ணாகப் போனதையும் நான் பார்த்தேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்! அந்தச் சொலவடையைச் சொன்ன புண்ணியவதி எங்கள் பெரியம்மா வீட்டு வாசலில் நின்றிருக்க வேண்டும்.

அத்தை அந்தக் குவியலிடம் போனாள். வானத்து மண்ணைக் கல்லால் தட்டி உடைத்தாள். ஒரு பிடி அள்ளித் தண்ணீர் தெளித்து இறுக்கினாள். உருண்டை நின்றது. விரலால் தட்டினாள், உதிரவில்லை. கழுதை விட்டை மாதிரி கிடந்தது. "பிடிச்சா பிடிபடுது, தொட்டா உதிரமாட்டேங்குது ஆத்தா" என்று என்னிடம் சொன்னாள். நான் முதன்முதலாக அந்தச் சொல்லைக் கேட்டது அப்போதுதான். பிறகு அந்த மண்ணிலேயே மொச்சையையும் தட்டாம்பயறையும் தூவினாள்.

எந்தச் சட்டி யாருடையது என்று தெரிய, பெரியம்மா சேலைத் துணியைக் கிழித்துக் கழுத்தில் கட்டினாள். அக்காவுக்கு மஞ்சள், அத்தைக்குப் பச்சை, தனக்குச் சிவப்பு. மற்றவர்களுக்கு மற்ற மற்ற நிறம். இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே சொருகி இறுக்குகிற முடிச்சு அவளுடையது. மாட்டைக் கட்டினாலும் அதே முடிச்சுதான்.

பெரிய பெண்கள் அந்த அறைக்குள் போகக்கூடாது. வயசுக்கு வராத பிள்ளை என்பதால் தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு நான் மட்டும் பெரியம்மாவின் பின்னால் போவேன். நான்காம் நாள் எல்லாச் சட்டியிலும் வெள்ளை முளை தலை தூக்கியது. அத்தை சட்டியில் மண் அப்பளம் மாதிரி காய்ந்து வெடித்திருந்தது. ஐந்தாம் நாளும் அப்படியே. பெரியம்மா அதற்கும் எல்லாச் சட்டிக்கும் தெளித்த மாதிரியே தண்ணீர் தெளித்தாள். திண்டாட்டம் எனக்குத்தான். அத்தை ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். கேட்கமாட்டாள். டோக்கன் எண்ணைக் கூப்பிடுவார்களா என்று உட்கார்ந்திருக்கிற நோயாளி மாதிரி பார்ப்பாள். நான் சிரித்துத் தலையாட்டிவிட்டு ஓடிப்போவேன்.

ஏழாம் நாள் பெரியம்மாவுக்குப் போன் வந்தது, மாப்பிள்ளை வீட்டிலிருந்து. "தண்ணியத் தெளிச்சுக்கிட்டு இரு, வாரேன்" என்று வெளியே போனாள். அவள் குரல் வாசலில் குழைந்து குழைந்து கேட்டுக்கொண்டிருந்தது. நான் பல்லால் கடித்து அந்த மாட்டு முடிச்சுகளை அவிழ்த்தேன். பச்சையை அக்கா சட்டிக்கும் மஞ்சளை அத்தை சட்டிக்கும் மாற்றிக் கட்டினேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு முடிச்சு, பள்ளிக்கூடத்து ஷூவுக்குப் போடுகிற, முயல் காது மாதிரி இரண்டு வளையம் வைத்த முடிச்சு. அழகாகவே கட்டினேன். தப்புச் செய்கிறோம் என்று துளிகூடத் தோன்றவில்லை. நியாயம் செய்கிறோம் என்றே தோன்றியது.

எட்டாம் நாள் சாயங்காலம் சட்டிகளை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தபோதுதான் மொட்டைச் சட்டியின் கழுத்தில் மஞ்சள் துணியை எல்லோரும் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் முன்வரிசையில் நின்றிருந்தார்கள். அக்காவின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. அவள் எனக்கு ரிப்பன் கட்டிவிடுகிறவள், எனக்காகப் பனங்கிழங்கு ஒளித்து வைக்கிறவள். அவளை நான் யோசிக்கவே இல்லை. "மஞ்சத்துணி யாருதுடி?" என்று தெரிந்துகொண்டே ஒருத்தி கேட்டாள். அன்றைக்கு முந்தானைக்குள் சிரித்தவளேதான்.

அப்போதுதான் பெரியம்மா சொன்னாள், கையில என்னடி இருக்கு, மண்ணு சரியில்ல என்று.

"மண்ணு மண்ணுதான்னு சொன்னீங்கல்ல!" என்று நான் கத்தினேன். நிஜமாகவே கத்தினேன். அத்தையின் கை வந்து என் வாயைப் பொத்தியது. அந்தக் கையின் நகக்கண்ணில் கரம்பை ஒட்டியிருந்தது. சட்டிகள் வாசலுக்கு வந்ததுமே பச்சைத் துணி கட்டிய சட்டியின் மண்ணை அவள் தொட்டுப் பார்த்திருக்கிறாள். தொட்டதும் உதிர்ந்திருக்கும்.

பெரியம்மா மொட்டைச் சட்டிக்கு முன்னால் குனிந்தாள். அதன் முடிச்சைத் தொட்ட விரல் அப்படியே நின்றது. இரண்டு முயல் காதுகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இப்போது என் பெயரைச் சொல்லப்போகிறாள், பிடித்து வெளுக்கப்போகிறாள் என்று நான் அத்தையின் சேலைக்குள் ஒண்டினேன்.

அவள் ஒரு காதை இழுத்தாள். ஷூ முடிச்சுதானே, ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. மஞ்சளைக் கொண்டுபோய்ப் பயிர் செழித்த தன் சட்டியில் கட்டினாள், தன்னுடைய சிவப்பை மொட்டைச் சட்டியில் கட்டினாள். "இது என் சட்டிடி. இருட்டுல துணிய மாத்திக் கட்டிட்டேன்" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மூச்சு விட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பொய், பச்சைப் பொய், மகளைக் காப்பாற்ற ஊரையே ஏமாற்றுகிறாள்! அதற்குமேல் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதோடு விட்டாளா? அத்தை சட்டியிடம் வந்தாள். பச்சைத் துணியில் நான் பார்த்துப் பார்த்துப் போட்ட முடிச்சையும் அவிழ்த்தாள். அதையும் பிடுங்கப்போகிறாள் என்று நான் பல்லைக் கடித்தேன். அவள் அந்தத் துணியை அதே சட்டியின் கழுத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைச் சொருகி, மாட்டு முடிச்சாக இறுக்கினாள். நான் போட்ட முடிச்சைக்கூட இருக்க விடமாட்டேன் என்கிறாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தூக்கு, நேரமாச்சு" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, பெரியம்மா அந்த மொட்டைச் சட்டியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, வரிசைக்கு முன்னால் போய் நின்றாள்.