பருத்தி, பஞ்சு, சிவப்பரிசி

எந்தத் துணி கையில் கிடைத்தாலும் வீரக்குட்டி முதலில் அதைப் புரட்டிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். கோயில் மண்டபத்தில் அவருக்கு ஒருமுறை பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்து முடிவதற்குள் அவர் அதன் கரையைப் புரட்டி நூலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அந்தப் படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள், அவருடைய உச்சந்தலை மட்டும் தெரிகிறது.

கனடாவில், மிசிசாகாவில் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் நின்று வந்த பழக்கம் அது. எண்பத்தொன்பதில் மட்டக்களப்பிலிருந்து வந்தவர், கோப்பை கழுவி, பெட்டி தூக்கி, கடைசியில் அங்கே தையல் மெஷினுக்குப் போய்ச் சேர்ந்தார். ஒரே நேரத்தில் நூறு ஊசிக்கு மேல் இறங்குகிற மெஷின். மேலே பட்டுப் போன்ற துணி, நடுவில் பஞ்சு, அடியில் முரட்டுத் துணி. மூன்றையும் சேர்த்துப் பூவும் வளையமுமாகத் தைத்துத் தள்ளும். ஒரு நூல் அறுந்தாலும் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அவ்வளவு பூவையும் யாரும் பார்த்ததில்லை என்பதுதான் அவருடைய குறை. கடையில் மெத்தை பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும். வீட்டுக்குப் போனதும் விரிப்பைப் போட்டு மூடிவிடுவார்கள்.

“என்ட தையலுக்கு மேல லட்சம் பேர் படுத்துக் குறட்டை விட்டிரிக்கான்” என்று மனைவி மனோரஞ்சிதத்திடம் சொல்வார். “ஒருத்தனாவது எழும்பி நிண்டு பாத்திரிப்பானா?”

“நித்திரை வாறத்துக்குத்தானே மெத்தை வாங்கிற? நீங்க தைச்சதப் பாக்கவா?” என்பாள் அவள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. அங்கே நூற்றிருபது பேருக்குச் சூப் வைத்துவிட்டு வருகிறவளுக்கு, யார் பார்த்தார்கள் என்ற கவலை கிடையாது.

வேலையை விட்ட வருடம், ரைஸ் குக்கர் வாங்கி வா என்று அவள் அனுப்பிய இடத்தில்தான் எல்லாம் தொடங்கியது. ஸ்டீல்ஸ் வீதிப் பிளாசாவில் ஜப்பான் சாமான் விற்கிற சின்னக் கடை. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு துணி தொங்கியது. மூன்று அடி நீளம், ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். நீலக் கடல், அதன் மேல் சிவப்புச் சூரியன். கேட்காமலே கையை நீட்டி நுனியைப் புரட்டினார். பின்பக்கத்திலும் அதே கடல், அதே சூரியன், ஒரு பொட்டு நிறம் குறையவில்லை. திரும்பவும் முன்பக்கம் பார்த்தார். திரும்பவும் பின்பக்கம்.

கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டு விளக்கினாள். தெனுகுயி என்று பெயர். ஜப்பானில் கை துடைக்கிற பருத்தித் துணி. சாயத்தை மேலிருந்து ஊற்றி அடிவரை இறக்குவதால் இரண்டு பக்கமும் ஒன்று. இரண்டு நுனியையும் மடித்துத் தைக்கமாட்டார்கள், வெட்டிய வெட்டுத்தான். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு படம் வரும். அதை வீட்டில் தொங்கவிட்டு மாற்றிக்கொண்டிருப்பார்கள். புதிதைத் தனியாகக் குளிர்தண்ணீரில் அலசவேண்டும், இல்லாவிட்டால் சாயம் போகும்.

வீரக்குட்டி குக்கரை மறந்து துணியோடு வீட்டுக்கு வந்தார்.

“துவாயா?” என்றாள் மனோரஞ்சிதம். “துவாயையா சுவரில தொங்கவிடப்போறீங்க?”

“பின்பக்கத்தப் பாரு, புள்ள!”

“குக்கர் எங்க?”

அடுத்த மாதம் இன்னொன்று. அதற்கடுத்த மாதம் இன்னொன்று. இரண்டு மூங்கில் குச்சிக்கு நடுவில் கட்டி, மாதம் பிறக்கிற காலையில் பழையதை இறக்கிப் புதியதை ஏற்றுவார். யூலைக்கு வாணவேடிக்கை, ஓகஸ்டுக்குத் தங்கமீன், செப்டெம்பருக்கு நிலவும் நாணலும், ஜனவரிக்குப் பனியில் இரண்டு முயல். நாலாம் மாதத்துக்குள் மனோரஞ்சிதமே வேலைக்குக் கிளம்புமுன் “இண்டைக்கு முதலாந் திகதியெல்லா? ஏன் இன்னும் பழசு தொங்குது?” என்று கேட்கத் தொடங்கிவிட்டாள்.

பொங்கலன்று வந்த பழைய வேலைச் சிநேகிதர் அருள்நாயகம், கை கழுவிவிட்டு வந்து முயல்களிலேயே துடைத்துவிட்டார். வீரக்குட்டி பாய்ந்து துணியை இறக்கினார்.

“என்னப்பா, துவாய்தானே?” என்றார் அருள்நாயகம்.

துவாய்தான். அதுதான் பிரச்சினை. ஈரம் காயுமுன் ஓடிப்போய்க் குளிர்தண்ணீரில் அலசினார்.

பன்னிரண்டு மாதமும் சேர்ந்தபோது அவருக்கு யோசனை பிடித்தது. பன்னிரண்டையும் ஒன்றாக இணைத்து ஒரே குவில்ட், பஞ்சு வைத்துத் தைக்கிற விரிப்பு. மெத்தைக்குச் செய்த அதே வேலைதான்: மேல்துணி, பஞ்சு, அடித்துணி. ஆனால் இதன்மேல் ஒருவரும் படுக்கமாட்டார்கள். மேலே ஆறு, கீழே ஆறு. படத்தை வெட்டாமல் முழுதாக வைத்து, இடையில் கருநீலப் பட்டி. ஒவ்வொன்றின் அடியிலும் அந்த மாதத்தின் இலக்கம் ஊசியால் எழுதவேண்டும். ஸ்காபரோவில் செவ்வாய்க்கிழமை கூடுகிற குவில்ட் கழகம் ஏப்ரல் கடைசியில் கண்காட்சி வைக்கிறது. அந்தச் சுவரில் தொங்கினால் ஆயிரம் பேர் பார்ப்பார்கள்.

கழகத்தில் முப்பது பெண்கள், ஒரே ஆண் வீரக்குட்டி. இன்னொரு தமிழ் ஆள் என்றால் மில்லிக்கனிலிருந்து வரும் ஜெனாட். யாழ்ப்பாணத்துக்காரி, ஐம்பது வயது, கண்காட்சிக் குழுவில் பெரிய கை. தன்னுடைய பழைய தையல் மெஷினை அவருக்குக் கொடுத்தவளும் அவள்தான்.

“அண்ணை, இப்பவே சொல்லிப்போட்டன்” என்றாள். “நாலு பக்கமும் டேப் வைச்சு அளப்பினம். கோணலெண்டால் எடுக்கமாட்டினம். கரை அலையடிச்சாலும் எடுக்கமாட்டினம். நான் குழுவிலை இருக்கிறன் எண்டு பாக்கமாட்டன்.”

“இருபத்தேழு வருசம் தைச்சவனுக்கா, தங்கச்சி?”

“அது மெஷின் தைச்சது. நீங்கள் பக்கத்திலை நிண்டியள்.”

அவள் சொன்னது சரியாகப் போயிற்று. தொழிற்சாலையில் துணியை இரும்புப் பற்கள் இழுத்துப் பிடித்திருக்கும். தெனுகுயியின் நெசவோ இளகல். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர ஓரத்தை வெட்டப் போனால் துணி கத்தியோடு நழுவியது. முதல் இரண்டைச் சேர்த்துத் தைத்துத் தூக்கிப் பிடித்தபோது, பட்டம் மாதிரி ஒரு மூலை கீழே போனது. செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் காட்டினார்.

“உது தொங்காது அண்ணை, ஆடும்” என்றாள் ஜெனாட். பிறகு கிட்டவாகப் பார்த்தாள். “இன்னொண்டு. துணியிலை வெள்ளை நிறத்தைப் பாருங்கோ. ஒண்டு பால் வெள்ளை, ஒண்டு பல்லு வெள்ளை. பன்னிரண்டும் ஒரு இடத்திலை செய்ததில்லை, என்ன? பக்கத்திலை பக்கத்திலை வைக்க ஊத்தை மாதிரித் தெரியும்.”

அன்று வீட்டுக்கு வரும் வழியில் அவர் கார் ரேடியோவைப் போடவில்லை. தையலைப் பிரித்தார். கடையில் விறைப்புப் போடுகிற ஸ்ப்ரே இரண்டு வாங்கி அடித்துப் பார்த்தார். இருமல் வந்தது, கருநீலத்தில் வெள்ளைப் பொருக்கு வந்தது, விறைப்பு வரவில்லை.

சனிக்கிழமை காலை, கண்காட்சிக்கு இன்னும் மூன்று வாரம். மனோரஞ்சிதம் வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “என்ட பருத்திச் சாறிக்குச் செய்யிற மாதிரிக் கஞ்சி போடுங்களன். சோத்துக் கஞ்சி. தண்ணியா வடிச்சு, ஆறவிட்டு, நனைச்சுப் பிழிஞ்சு, அரைவாசி காய அயன் பண்ணினா தகடு மாதிரி நிக்கும்.”

“புள்ள!” என்று கத்தினார் வீரக்குட்டி. “இத ஏன் ஒரு மாசத்துக்கு முதல் சொல்லல்ல?”

“நீங்க என்னட்டக் கேட்டீங்களா?”

அவள் கார் தெருமுனை திரும்புமுன் அவர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். பெரிய பானையில் அரிசியைப் போட்டுக் குழையக் காய்ச்சி, வடித்து, ஆறவிட்டு, பன்னிரண்டு துணியையும் ஒவ்வொன்றாக முக்கிப் பிழிந்து, நிலவறையில் கொடி கட்டி வரிசையாகப் போட்டார். பாட்டுக்கூட வந்தது. ஒரு மணிக்குத் தொட்டுப் பார்த்தார், விறைப்பென்றால் விறைப்பு. ஒன்றை அயன் பண்ணி ஓரத்தை வெட்டினார். கத்தி அளவுகோலோடு ஒட்டிக்கொண்டு நேராக ஓடியது. இரண்டாவதை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோதுதான் கண்டார்.

முயல்கள் நின்ற பனி வெள்ளையாக இல்லை. லேசான செம்மண் நிறத்தில் இருந்தது. திரும்பிக் கொடியைப் பார்த்தார். எல்லாமே அப்படித்தான்.

மூன்று மணிக்கு மனோரஞ்சிதம் வந்தபோது அவர் நிலவறைப் படியில் உட்கார்ந்திருந்தார். அவள் கொடியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“என்ன அரிசி போட்டீங்க?”

“அரிசிதான்.”

“எந்த அரிசி?”

“வாளியில இருந்த அரிசி.”

“ஐயோ, அது சிவப்பரிசியெல்லா! சாறிக்கு ஆராவது சிவப்பரிசியில கஞ்சி போடுவாங்களா?”

“நீ அரிசி எண்டுதானே சொன்ன? வெள்ளை எண்டு சொன்னியா?”

“முப்பத்தஞ்சு வருசமா நான் சாறிக்குக் கஞ்சி போடுறன், பாக்கல்லயா? அதுசரி, துணியெண்டாத்தானே பின்பக்கமெல்லாம் பாப்பீங்க.”

அவருக்குச் சண்டை போடவும் தெம்பில்லை. ஜப்பான் கடைக்குப் போன் பண்ணிக் கேட்டார். போன வருடத்துப் படங்கள் இனி வராதாம். மனோரஞ்சிதம் பையைக்கூட இறக்காமல் ஜனவரியை எடுத்து, வாளித் தண்ணீரில் போட்டு அலசினாள். மூன்று தண்ணீரில் கறை போய்விட்டது. விறைப்பும் போய்விட்டது. முயல்கள் பழையபடி வெள்ளைப் பனியில் நின்றன, துணி பழையபடி கையில் நெளிந்தது.

“எல்லாத்தையும் அலசுவம். பிறகு வெள்ளைப் பச்சரிசியில திருப்பிப் போடுவம்” என்று சொல்லி, மற்றப் பதினொன்றையும் தரையில் விரித்தாள். எது முதலில் என்று பார்க்கத்தான் விரித்தாள். விரித்தவள் அப்படியே நின்றாள்.

“இஞ்ச வாங்க.”

“என்ன?”

“வந்து பாருங்க எண்டன்.”

பதினொரு துணியிலும் ஒரே வெள்ளை. பாலும் இல்லை, பல்லும் இல்லை. ஆறின தேங்காய்ப்பாலில் ஒரு சொட்டுத் தேத்தண்ணி விட்டது போல ஒரே நிறம். நிலவும் நாணலும், தங்கமீனும், வாணவேடிக்கையும் ஒரே கையால் ஒரே நாளில் செய்தவை மாதிரிக் கிடந்தன. ஊத்தையாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் கழுவி வைத்த ஜனவரி.

வீரக்குட்டி எழுந்த வேகத்தில் கொடியில் தலை இடித்தது. “போடு புள்ள, திருப்பிப் போடு! முயலத் திருப்பிக் கஞ்சியில போடு!”

“எத்தின சுண்டு அரிசி போட்டீங்க?”

“குத்துமதிப்பா.”

“தண்ணி?”

“பானை நிறைய.”

“நல்ல ஆள்!” என்று அவள் வேலைச் சட்டையோடே மேலே ஓடினாள். பானையில் வடித்து வைத்ததை அவர் ஏற்கெனவே ஊற்றிக் கழுவிவிட்டிருந்தார். எல்லாம் புதிதாகக் காய்ச்சவேண்டும். முதல் கஞ்சி கறுத்துப்போனது. தண்ணீர் விட்டாள். அது வெளிறிப்போனது. திரும்ப அரிசி. ஒவ்வொரு தடவையும் ஒரு வெள்ளைத் துண்டை முக்கி, அயன் பெட்டியால் காயவைத்து, அவர் நிலவறைக்கு ஓடி மற்றத் துணிகளோடு வைத்துப் பார்த்துவிட்டுப் படியிலிருந்து கத்துவார்: “கூடிப்போச்சு!” “இப்ப குறைஞ்சுபோச்சு!” நாலாம் தடவை சத்தம் வரவில்லை. அவள் கரண்டியோடு இறங்கிப் போனாள். அவர் துண்டை வைத்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணுக்குப் பிடிபடவில்லை. அவ்வளவு சரியாகப் பொருந்திவிட்டது.

அதன்பிறகு மூன்று வாரமும் வீட்டில் தையல் மெஷின் சத்தம்தான். சாப்பாட்டு மேசை போனது. மனோரஞ்சிதம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். வியாழக்கிழமை காலை, கொடுக்கவேண்டிய நாளில், மேல் விளிம்புக்குப் பின்னால் கம்பி நுழையும் உறையைத் தைத்து முடித்து, சுருட்டி, ஒரு குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரிப் பின்சீட்டில் பெல்ட் போட்டுக் கொண்டுபோனார்கள்.

அளப்பதற்கு ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். டேப்பை நாலு பக்கமும் ஓட்டினாள். மூலைக்கு மூலை ஓட்டினாள். ஜெனாட் பக்கத்தில் நின்று முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மூக்கை மட்டும் ஒருமுறை உறிஞ்சினாள்.

“அண்ணை, சோறு மணக்குது.”

“பேசாம இரு, தங்கச்சி.”

அளந்தவள் நிமிர்ந்து, வெள்ளையெல்லாம் எப்படி இவ்வளவு ஒன்றாக வந்தது, தேயிலையில் தோய்த்தீர்களா என்று கேட்டாள்.

“ரைஸ்” என்றார் வீரக்குட்டி. “ரெட் ரைஸ். மை வைஃப்.”

அவள் கொஞ்சமும் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். சனிக்கிழமை மண்டபத்துக்குப் போனபோது குவில்ட் நடுச்சுவரில் நேராகத் தொங்கியது. பக்கத்தில் ஒட்டிய அட்டையில் அவருடைய பெயர். கீழே: பருத்தி, பஞ்சு, சிவப்பரிசி.

வீரக்குட்டி கிட்டப் போகவில்லை. தூணுக்குப் பின்னால் நின்றார். அவர் சொல்லாமல், அவரைத் தெரியாமல், யாராவது நிற்கவேண்டும். முதலில் வந்த பத்துப் பேர் பரிசு வாங்கியதைத் தேடி நேரே நடந்துபோனார்கள். ஒருவர் அட்டையை மட்டும் வாசித்துவிட்டுப் போனார்.

“நான் போய்ச் சொல்லட்டா?” என்றாள் மனோரஞ்சிதம்.

“அசையாத.”

பிறகு ஒரு பெண் நடந்துபோனவள் திரும்பி வந்தாள். விரலால் இலக்கங்களை எண்ணி, மேல்வரிசையில் மூன்றாவதற்கு முன்னால் போய் நின்றாள். தோழியைக் கூப்பிட்டாள். தோழி ஒன்பதாவதுக்கு முன்னால் நின்றாள். அதன்பிறகுதான் அவருக்கு விளங்கியது. ஒவ்வொருவரும் தாங்கள் பிறந்த மாதத்தைத் தேடுகிறார்கள்! அவர் நினைத்தும் பார்க்காத விசயம். ஒருவர் தன் மாதத்தைக் கண்டுபிடித்து, மனைவியின் மாதத்தைக் கண்டுபிடித்து, பிறகு பேரப்பிள்ளையின் மாதம் எது என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு குடும்பம் ஆளுக்கொரு துணியின் கீழ் நின்று படம் எடுத்தது. ஒருத்தி குனிந்து தையலைப் பார்த்தாள். வெள்ளைக் கையுறை போட்ட உதவியாளரிடம் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னாள். மூலை உயர்ந்ததும் சுற்றி நின்ற ஐந்தாறு தலை ஒன்றாகக் குனிந்தது.

வீரக்குட்டி மனோரஞ்சிதத்தின் கையைப் பிடித்து நசுக்கினார். “பாக்கிறாங்க, புள்ள! பின்னாலயும் பாக்கிறாங்க!”

“கையை விடுங்க, வளையல் உடையப்போகுது.”

ஐந்து மணிக்கு ஜெனாட் தூணடிக்கு வந்தாள். “அண்ணை, மண்டபம் பூட்டவேணும். அங்காலை எல்லாரும் வெளிக்கிட்டாச்சு. உங்கடை ஆக்களைக் கொஞ்சம் போகச் சொல்லுங்கோ.”

வீரக்குட்டி எட்டிப் பார்த்தார். கீழ்வரிசையில், தங்கமீனுக்கு நேரே ஒரு மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் பொறு, தங்கச்சி” என்றார். “ஓகஸ்ட் ஆள் இன்னும் பாத்து முடிக்கல்ல.”