செம்பட்டிக்குப் போகாத கார்

எங்கள் அப்பா ஒரு கார் செய்தார். வாங்கவில்லை, செய்தார். யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த மிலிட்டரி ஜீப்பின் எஞ்சின், அகரத்தில் ஒரு தோட்டத்தில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய காரின் சட்டம், குதிரைவண்டி ஆசாரி அடித்துக் கொடுத்த மரக்கூடு, அதன்மேல் தகரம், உள்ளே தேங்காய் நார் திணித்த சீட்டு. பெரியப்பாவின் வெங்காய மண்டிக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் வருஷக்கணக்காக அது உருவாகிக்கொண்டே இருந்தது. திண்டுக்கல்லில் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்பாவைக் கெட்டிக்காரர் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பித் தொலைத்தேன்.

அப்பா முன்பு பஸ் ஷெட்டில் எஞ்சின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தவர். கிரீஸ் கையோடு தம்பி திரிவது கௌரவக் குறைச்சல் என்று பெரியப்பா அவரைக் கூப்பிட்டு மண்டியில் உட்கார வைத்துவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் பெரியப்பா வீட்டில்தான் இருந்தோம். மண்டி ஆட்களுக்கும் சேர்த்து உலை வைப்பது அம்மா, அரிசி அளந்து போடுவது பெரியம்மா. எல்லோரும் சாப்பிட்ட பிறகு அம்மா உட்காரும்போது வெஞ்சனச் சட்டி பெரும்பாலும் காலியாக இருக்கும். என் தலைக்கு எண்ணெய் வேண்டுமென்றால்கூடப் பெரியம்மாவின் இடுப்புச் சாவி அசைய வேண்டும்.

காரைப் பற்றி அம்மாவுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். அது பாஸாகிவிட்டால் செம்பட்டியில் வீடு பிடித்து, பழனிக்குப் போகிறவர்களுக்கு வாடகைக்கு ஓட்டலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். தனிக்குடித்தனம், தன் அடுப்பு, தன் அரிசிப் பானை. அவள் வேறு எதையும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

வண்டியைச் சோதித்துப் பாஸ் போடுகிற அதிகாரியை எங்கள் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். தை பிறந்ததும் மலைக்கோட்டை அடிவாரத்து மைதானத்துக்குக் காரைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதற்குள் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்ட வேண்டும். கொட்டகையோ ஒழுகும். ஆகவே அப்பா சக்கரங்களைக் கழற்றி, சட்டத்தைக் கருங்கல்லின் மேல் ஏற்றினார். பெட்ரோலை வடித்தார். எலி புகாதபடி சைலன்சர் வாயில் துணியை அடைத்தார். மேலே போர்த்துவதற்கு அம்மா வெங்காயச் சாக்குகளைச் சேர்த்துத் தைத்தாள்.

அம்மா எரியோடு ஊர்க்காரி. அவள் பிறந்த வீட்டில் உழவு முடிந்ததும் கொழு, மண்வெட்டி, அரிவாள் எல்லாவற்றுக்கும் விளக்கெண்ணெய் பூசித்தான் பரணில் போடுவார்கள். அப்படிச் செய்தால் துரு அண்டாது. மாமா கொடுத்தனுப்பிய விளக்கெண்ணெயை ஒரு தூக்குச்சட்டியில், எங்கள் தலைக்கென்று பெரியம்மா கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்தாள். அதை அப்படியே கொட்டகைக்குக் கொண்டுவந்தாள்.

"இரும்பு கண்ட எடமெல்லாம் தடவட்டுமா?"

"தடவு. துரு ஏறுச்சுன்னா இன்ஸ்பெக்டர் கிட்டயே வரமாட்டாரு" என்றார் அப்பா.

சக்கரங்களோடு கழற்றிய பிரேக் டிரம்களும் சட்டிகளைப் போலத் தரையில் கிடந்தன. அம்மா அவற்றின் உள்பக்கத்தில்தான் அதிக அக்கறையாகத் தேய்த்தாள். அங்கே எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? சொல்ல வேண்டியவர் பக்கத்தில்தான் நின்றார். ஒரு டிரம்மை எடுத்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "போதும், கை வலிக்கப் போவுது" என்றார். அப்பாவுக்கு அம்மா மேல் எம்புட்டுப் பிரியம் என்று நான் பூரித்துப்போனேன்.

தை வந்தது. டிரம்களைத் துடைக்காமலே அப்பா மாட்டினார். அம்மா சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள், முன்கண்ணாடிக்குச் சந்தனம் வைத்தாள். மைதானத்தில் அம்மாவும் நானும் ஓரமாக நிற்க, இன்ஸ்பெக்டர் ஏறி அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டிருந்தது. அங்கே நிறுத்த வேண்டும். கார் நன்றாகத்தான் ஓடியது. கோடு வந்தது, கார் நிற்கவில்லை. வேலிக் கள்ளிக்குள் போய்ப் புகுந்துகொண்டது.

டிரம்மைக் கழற்றிப் பார்த்த இன்ஸ்பெக்டர் விரலை மோந்து பார்த்தார். "யாருய்யா பிரேக்குக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுனது?"

அப்பா அம்மா பக்கம் கையைக் காட்டினார். "பொம்பள கைய வச்சா இப்பிடித்தாங்க."

சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், அழவில்லை. இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். உள்ளே இருக்கிற பிரேக் கட்டைகளை மாற்றி, டிரம்மைப் பெட்ரோலில் கழுவிவிட்டு அடுத்த மாதம் கொண்டுவந்தால் பாஸ் போட்டுவிடுவதாகச் சொன்னார். அப்பா பலமாகத் தலையை ஆட்டினார். அந்த அடுத்த மாதம் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

மத்தியானம் இலையில் உட்கார்ந்து, கார் கள்ளிக்குள் போன கதையைப் பெரியப்பாவுக்கு நடித்துக் காட்டினார் அப்பா. பெரியப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"கெடக்குது விடு. நம்ம மண்டி எங்க ஓடிப்போவுது" என்றார்.

அப்பா இன்னொரு தடவை சோறு கேட்டார். அவரைக்காய் வெஞ்சனமும் கேட்டார். பல வருஷம் பாடுபட்டுச் செய்த கார் தோற்றுப்போன அன்றைக்கு ஒரு மனுஷன் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அம்மா கரண்டியும் கையுமாக அவரையே செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டதைப் போட்டாள்.

அப்பா போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது, எனக்குத்தான் வயிற்றெரிச்சல் ஆறவில்லை. கெட்டிக்காரர் என்ற பேரும் வேண்டும், அண்ணன் வீட்டுச் சோறும் வேண்டும். கார் முடிந்துவிட்டால் கிளம்பியாக வேண்டுமே! அந்தப் பழியையும் அம்மா தலையிலேயே தேய்த்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அம்மா, செம்பட்டிக்கென்று சாக்கில் கட்டி வைத்திருந்த தன் சீர்ப் பாத்திரங்களைப் பிரித்து, பெரியம்மாவின் பாத்திரங்களோடு அடுக்கினாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பெரியப்பா பிள்ளைகளை விட்டுப் பிரிய வேண்டாம் அல்லவா. பின்னாலிருந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"நல்லவேளைம்மா, நாம போகல."

மைதானத்தில் அத்தனை பேர் சிரித்தபோது அழாதவள் அப்போது அழுதாள். அப்பா வாய்விட்டுச் சொல்லாததை நான் சொல்லிவிட்டேன் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.